சார்லஸ் சோப்ராஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1970-களில் ஆசியாவில் சுற்றிய மேலை நாட்டுப் பயணிகளை மயக்கித் திருடி, சிலரைக் கொன்ற சோப்ராஜின் வழக்கைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். அன்று பிடித்தது வினை. கல்யாணப் பந்தியிலும் காலை நடையிலும், பல் பிடுங்கப் போன இடத்திலும்கூட அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது; அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சோப்ராஜ் யார்? இந்தியனா, பிரெஞ்சுக்காரனா, வியட்நாம்காரனா?

மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் உரிமை உண்டு. 1944 ஏப்ரல் 6 அன்று சைகோன் நகரில் பிறந்தான். அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனா. தந்தை அங்கே வியாபாரம் செய்த சிந்தி, தாய் வியட்நாமியப் பெண். தந்தை விலகிப் போனபின் தாய் ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரியை மணந்தார். பையன் சைகோனுக்கும் பிரான்சுக்கும் இடையே பந்தாடப்பட்டு வளர்ந்தான். சட்டப்படி அவன் பிரெஞ்சுக் குடிமகன்.

1963-இல் திருட்டுக்காகப் பாரிஸ் அருகே உள்ள புவாசி சிறைக்குப் போனதுதான் முதல் பெரிய தண்டனை. 1970 வாக்கில் கர்ப்பிணி மனைவியோடு பிரான்சை விட்டுக் கிளம்பி, வழியெல்லாம் திருடிக்கொண்டே பம்பாய் வந்து சேர்ந்தான். "அன்பில்லாத குழந்தைப் பருவம்தான் காரணமா?" என்று இதோடு சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அதே வீட்டில் வளர்ந்த மற்றப் பிள்ளைகள் கொலை செய்யவில்லை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் 'அவன்' என்றே சொல்கிறீர்கள்? எண்பது வயதை எட்டிய ஆள் அல்லவா?

இறந்தவர்களுக்கும் துரத்தியவர்களுக்கும் 'அவர்' போடுகிறேன். அவனுக்கும் அதையே போட்டால் பந்தியில் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது போல் ஆகிவிடும்.

மொத்தம் எத்தனை பேரைக் கொன்றான்? ஒருவர் 12 என்கிறார், இன்னொருவர் 24 என்கிறார்.

இரண்டும் சந்தேகக் கணக்குகள். குறைந்தது 12 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. இருபதுக்கு மேல் என்றும் எழுதியிருக்கிறார்கள். கொலைக் குற்றவாளி என்று நேபாள நீதிமன்றங்கள் அவனுக்குத் தீர்ப்பளித்தது இரண்டு பேர் விஷயத்தில்தான்: அமெரிக்கரான கோனி ஜோ பிரான்சிச், கனடாவைச் சேர்ந்த லோரான் காரியேர். தாய்லாந்தில் நடந்தவற்றுக்கு விசாரணையே நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது கீழே வருகிறது. அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் பகுதி.

அவனே சொன்னதை வைத்து எண்ணலாமா என்றால், கூடாது. டெல்லிச் சிறையில் தன்னைச் சந்தித்த எழுத்தாளர்களிடம் கொலைகளை விலாவாரியாக விவரித்தான். பிறகு அத்தனையும் பொய் என்றான். இன்றுவரை யாரையும் கொல்லவில்லை என்றே சாதிக்கிறான்.

'பிகினி கொலையாளி', 'பாம்பு' என்றெல்லாம் பெயர் எப்படி வந்தது?

தாய்லாந்தில் இறந்த பெண்களில் இருவரின் உடல்கள் நீச்சலுடையில் கிடைத்தன. அதில் முதல் பெயர் வந்தது. சியாட்டிலைச் சேர்ந்த தெரசா நோல்டன் 1975 அக்டோபரில் பட்டாயா கடற்கரைப் பக்கம் கண்டெடுக்கப்பட்டபோது, நீந்தப் போய் மூழ்கிவிட்டார் என்றே முதலில் எழுதி மூடினார்கள். 'பாம்பு' என்பது பிடியிலிருந்து வழுக்கிப் போவதற்காக வைத்தது. இரண்டுமே பத்திரிகை விற்க உதவிய பெயர்கள். மற்றவர்களின் உடல்கள் எரிந்த நிலையில் கிடைத்தன. அதற்கு யாரும் கவர்ச்சியான பெயர் வைக்கவில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுவார்களா? அவ்வளவு அப்பாவிகளா?

அந்தக் காலத்துப் பயணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இஸ்தான்புல்லில் பஸ் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக டெல்லி, காத்மாண்டு, அங்கிருந்து பாங்காக் என்று மாதக்கணக்கில் சுற்றினார்கள் மேலை நாட்டு இளைஞர்கள். 'ஹிப்பித் தடம்' என்று பெயர். இருபதுகளில் வயது, கையில் எண்ணி வைத்த காசு, வயிற்றில் ஊர் ஊராகக் குடித்த தண்ணீர். அப்படி வருகிறவர்களிடம் பாங்காக்கில் ஒருவன் தன்னை அலென் கோத்தியே, ரத்தின வியாபாரி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறான். பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளம். மலிவாகக் கல் வாங்கித் தருகிறேன், என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். கூடவே ஒரு கனடா நாட்டுப் பெண் வேறு இருக்கிறார். யார் சந்தேகப்படுவார்கள்?

அவனுடைய உண்மையான தந்திரம் அதற்கு அடுத்த படியில்தான் இருந்தது. விருந்தாளிக்கு வயிற்றுப்போக்கும் மயக்கமும் வரும்படி பானத்தில் எதையாவது கலப்பான். பிறகு அவனே மருந்து என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்துப் பணிவிடை செய்வான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், இவன் இல்லாவிட்டால் செத்திருப்போம் என்று நினைத்தார்கள். அந்த வீட்டில் நாள்கணக்கில் நோயாளியாகக் கிடந்த ஒரு பிரெஞ்சு இளைஞர் பிறகு உயிரோடு தப்பித்துப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அக்கம்பக்கத்தாரே காசு திரட்டி அனுப்பிவைத்தார்கள்.

எல்லோரையும் கொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலானவர்களை மயக்கித் திருடிவிட்டு விட்டுவிட்டான். யாரை விட்டான், யாரைக் கொன்றான் என்பதில் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிக்க முயன்றவர்கள் பலர். வேண்டாததைத் தெரிந்துகொண்டவர்களும் தேடி வந்தவர்களும் செத்தார்கள் என்பது வரை சொல்லலாம். துருக்கியரான விட்டாலி ஹக்கீம் எரிந்த நிலையில் பட்டாயா சாலையில் கிடந்தார். அவரைத் தேடிக்கொண்டு வந்த தோழி ஷார்மேன் காரூவும் பிணமாகக் கிடைத்தார்.

பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்குமே! அடுத்தவர் பாஸ்போர்ட்டில் எப்படி நாடு நாடாகப் போனான்?

இது என் தொழிலைத் தொடும் கேள்வி; கொஞ்சம் நீட்டிச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைய பாஸ்போர்ட் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பெயர், பிறந்த தேதி எல்லாம் பெரும்பாலும் மையில் எழுதியவை. படம் பசையால் ஒட்டி முத்திரை குத்தியது. கை நேர்த்தி உள்ளவன் படத்தைப் பிரித்து மாற்றலாம். எல்லையில் உட்கார்ந்திருப்பவர் கையில் கணினி கிடையாது. காணாமல் போன பாஸ்போர்ட்டின் எண் அவரிடம் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும், சேர்ந்தால்.

பயணக் காசோலை இன்னும் எளிது. வாங்கும்போது வங்கி ஊழியர் முன் ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போகிறதா, பாஸ்போர்ட் எண் சரியா என்று பார்த்துப் பணம் கொடுப்போம். உண்மையைச் சொல்கிறேன்: நாங்கள் கையெழுத்தைப் பார்த்த கவனத்தில் கால்வாசிகூட முகத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது தாடி வைத்த வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரே வெள்ளைக்காரர்தான்.

ஆகவே அவனுக்கு ஒரு பாஸ்போர்ட் என்பது பெயர், பணம், விமான டிக்கெட் மூன்றும் சேர்ந்த பொட்டலம். 1975 டிசம்பரில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்க் பின்டான்யா, கொர்னேலியா ஹெம்கர் என்ற ஜோடியைப் பாங்காக்கில் கொன்ற கையோடு, அவர்கள் பாஸ்போர்ட்டிலேயே அவனும் கூட இருந்த பெண்ணும் காத்மாண்டு போனார்கள். அங்கே அதே மாதம் 21, 22 தேதிகளை ஒட்டி பிரான்சிச்சும் காரியேரும் கொலையானார்கள். திரும்பி வந்தது அவர்களுடைய பாஸ்போர்ட்டில். பிறகு வாரணாசியில் ஓர் இஸ்ரேலியர் இறந்தார். அங்கும் காணாமல் போனது பாஸ்போர்ட்.

இத்தனை பேர் காணாமல் போயும் ஒருவர்கூடத் தேடவில்லையா?

வீட்டார் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மாதம் கடிதம் வராவிட்டால், மலைப்பக்கம் எங்காவது போயிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் காலம். டச்சு ஜோடி மட்டும் தவறாமல் வாரந்தோறும் வீட்டுக்கு எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அந்தக் கடிதங்கள் நின்றதும் குடும்பத்தார் 1976 பிப்ரவரியில் பாங்காக்கில் உள்ள நெதர்லாந்து தூதரகத்துக்கு எழுதினார்கள். கடிதம் ஹெர்மன் க்னிப்பன்பெர்க் என்ற இளநிலை அதிகாரியின் மேசைக்கு வந்தது. வயது 31.

இரண்டு மாதத்துக்கு முன் சாலையோரத்தில் எரிந்து கிடந்த இரு உடல்களை, காணாமல் போன ஓர் ஆஸ்திரேலிய ஜோடி என்று போலீஸ் முடிவு கட்டியிருந்தது. அந்த ஆஸ்திரேலியர்களோ உயிரோடு வந்துவிட்டார்கள்! அப்படியானால் அந்த உடல்கள் யாருடையவை? க்னிப்பன்பெர்க் நெதர்லாந்திலிருந்து பல் மருத்துவப் பதிவேடுகளை வரவழைத்து ஒப்பிடச் செய்தார். அவர்களேதான். இதற்கிடையில் வேறொரு தூதரகத்தில் இருந்த நண்பர், கட்டுக்கட்டாகப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு பிரெஞ்சு ரத்தின வியாபாரியைப் பற்றிச் சொன்னார். அந்த வியாபாரி இருந்த 'கனித் ஹவுஸ்' அடுக்ககத்தில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி, தாங்கள் கண்டதையெல்லாம் சொன்னார்கள்.

துப்பறிவது உன் வேலை இல்லை என்று அவருடைய மேலிடம் சொன்னது. அவர் கேட்கவில்லை. காலையில் விசா வேலை, மாலையில் கொலைக் கோப்பு. யார் எங்கே கடைசியாகக் காணப்பட்டார்கள், எந்த விடுதியில் எந்தப் பெயரில் கையெழுத்து, எந்த விமானத்தில் யார் என்று அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்தார். இந்தக் கதையில் நான் கும்பிடும் ஆள் இவர்தான். துப்பாக்கி கிடையாது, அதிகாரம் கிடையாது, கோப்பும் பிடிவாதமும்தான்.

தாய்லாந்துப் போலீஸ் கையில் சிக்கியும் விட்டுவிட்டார்களாமே, லஞ்சமா?

1976 மார்ச்சில் அந்த வீட்டைச் சோதனை போட்டு அழைத்துப் போனார்கள். அவன் தன்னுடையது என்று ஓர் அமெரிக்க பாஸ்போர்ட்டைக் காட்டினான். விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள், உடனே நாட்டை விட்டுப் பறந்துவிட்டான். பணம் கைமாறியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி வெளியே போனால் பிழைப்பு கெடும் என்ற பயமும் இருந்ததாகச் சொல்வார்கள். அலட்சியம் ஒன்றே போதுமானது என்பது என் எண்ணம். அரசு அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும்.

பிறகு க்னிப்பன்பெர்க் அனுமதி பெற்று அந்த வீட்டுக்குள் போனபோது, இறந்தவர்களின் பொருட்களும் காகிதங்களும், ஊசிகளும் மருந்துகளும் அங்கேயே கிடந்தன. அதன்பின் தாய்லாந்தின் இன்டர்போல் பிரிவுத் தலைவர் சோம்போல் சுத்திமாய் விஷயத்தைக் கையில் எடுத்தார். 1976 மே மாதம் செய்தி பாங்காக் பத்திரிகையில் வெடித்தது. பல நாடுகளுக்கு அறிவிப்பு போனது.

கூட இருந்த அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியுமா?

மரி ஆந்த்ரே லெக்லெர்க், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லெவி என்ற ஊர்க்காரர். 'அவர்' போடுவதா 'அவள்' போடுவதா என்று நானே தடுமாறியிருக்கிறேன். இறந்த பெண்ணின் பெயரில் பயணம் செய்தவருக்கு, ஒன்றும் தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது. கொன்றது தெரியும் என்று நிரூபிக்கவும் ஆதாரம் இல்லை. இந்தியாவில் சிறைப்பட்டு, புற்றுநோய் வந்தபின் ஊர் திரும்ப அனுமதி பெற்று, 1984-இல் அங்கேயே இறந்தார். கடைசிவரை தான் நிரபராதி என்றார்.

அஜய் சௌத்ரி என்ற இந்திய இளைஞன் ஒருவனும் கூட்டாளியாக இருந்தான். 1976-இல் மலேசியாவில் காணப்பட்டதோடு சரி.

கடைசியில் டெல்லியில் எப்படித்தான் மாட்டினான்?

தன் வித்தையை மொத்த வியாபாரத்தில் செய்யப் போய் மாட்டினான். 1976 ஜூலை, டெல்லியில் விக்ரம் ஓட்டல். ஒரு பிரெஞ்சு மாணவர் குழுவுக்கு வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டு, வயிற்றுக்கடுப்பு வராமலிருக்க மாத்திரை என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தான். அவர்கள் அறைக்குப் போய்த் தூங்கியபின் சாவகாசமாகத் திருடுவது திட்டம். மருந்து முந்திக்கொண்டது. வரவேற்புக் கூடத்திலேயே ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். விழாமல் நின்றவர்கள் இவன் மேல் பாய்ந்து அமுக்கிப் போலீசை அழைத்தார்கள்.

அதற்குச் சற்று முன் டெல்லியிலேயே மருந்து கொடுத்து ஜான் லூக் சாலமன் என்ற பிரெஞ்சுக்காரர் இறந்திருந்தார். அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் அதைக் கொலை என்று சொல்லவில்லை. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்றது. எல்லா வழக்குகளும் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுச் சிறை.

அதற்கு முன்பே பல சிறைகளிலிருந்து தப்பியவனாமே?

டெல்லியில் அசோகா ஓட்டல் நகைக்கடைக் கொள்ளைக்காகப் பிடிபட்டபோது நோய் நடித்து மருத்துவமனை போய்த் தப்பினான், மறுபடி பிடிபட்டான். காபூலிலும் நோய் நடித்து, காவலருக்கு மயக்க மருந்து கொடுத்து ஓடினான். அப்போது மனைவியும் கைக்குழந்தையும் காபூலிலேயே விடப்பட்டார்கள். கிரீஸில் பிடிபட்டபோது தன் தம்பியோடு ஆள் மாறாட்டம் செய்து நழுவினான். தம்பி துருக்கியிடம் ஒப்படைக்கப்பட்டு நீண்ட சிறைத்தண்டனை பெற்றான்.

வயிற்றுப் பணிவிடைத் தந்திரத்தை (மேலே சொன்னது) இதோடு சேர்த்துப் பாருங்கள். தனக்கு நோய் என்றால் நடிப்பு, அடுத்தவனுக்கு நோய் என்றால் நிஜம். மேதை மேதை என்கிறார்களே, வாழ்நாள் முழுக்க அவனிடம் இருந்தது இந்த ஒரே சரக்கு.

திகார் சிறையில் ராஜா போல் இருந்தான் என்பது உண்மையா?

பிற்பாடு உண்மை. தொலைக்காட்சி, விருப்பப்பட்ட சாப்பாடு, வந்து போகும் பேட்டியாளர்கள் என்று வசதியாகவே இருந்தான். காவலர்களுக்குப் பணமும், அவர்களைப் பற்றிய ரகசியங்களும் அவன் கைவசம் இருந்தன.

ஆரம்பம் அப்படி இல்லை. கைதான நாள் முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இரும்புத்தண்டு பிணைத்த கால்விலங்கோடு வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து அவன் உச்ச நீதிமன்றம் போனான். தூக்குத் தண்டனைக் கைதியான சுனில் பத்ராவின் தனிமைச் சிறை மனுவோடு சேர்த்து ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். 1978-இல் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதியவற்றைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். சிறைக்குள் போனவனுக்கும் அடிப்படை உரிமை உண்டு, கண்டபடி விலங்கு பூட்டக்கூடாது என்பது அதன் சாரம். "இவனுக்குப் போய் உரிமையா?" என்று கொதித்தவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பால் பிழைத்தவர்களில் பேர் தெரியாத ஏழைக் கைதிகள்தான் அதிகம் என்று அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

திகாரிலிருந்து தப்பியதே மறுபடி பிடிபடுவதற்காகத்தான் என்கிறார்களே, அவ்வளவு பெரிய மூளையா?

எல்லோருக்கும் பிடித்த கதை இது. தாய்லாந்தின் பிடியாணை அவனுக்காகக் காத்திருந்தது. ஒப்படைத்தால் அங்கே மரண தண்டனை கிடைக்கலாம். ஆனால் தாய்லாந்துச் சட்டப்படி குற்றம் நடந்து இருபது ஆண்டு கழிந்தால் வழக்கு காலாவதி. அதாவது 1995, 96 வரை எங்காவது உள்ளே இருந்துவிட்டால் தலை தப்பும். இந்தியத் தண்டனையோ எண்பதுகளின் கடைசியில் முடிந்துவிடும்.

1986 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. பிறந்தநாள் என்று சொல்லிக் காவலர்களுக்கு இனிப்பு வழங்கினான். அதில் தூக்க மருந்து. காவலர்கள் சாய்ந்ததும் இன்னும் சில கைதிகளோடு வாசல் வழியாகவே வெளியேறினான். மூன்று வாரத்தில் பிடிபட்டான். தப்பியதற்காகக் கூடுதல் தண்டனை கிடைத்தது. இருபது ஆண்டும் உள்ளேயே கழிந்தது. கணக்கு கச்சிதமாக இருக்கிறது. இவ்வளவு கச்சிதமாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். பிடிபட்டபின் சொல்லும் எந்தத் திட்டமும் கச்சிதமாகத்தான் இருக்கும். தப்பி ஓடியவன் பிடிபடாமல் இருந்திருந்தால், அதையும் தன் திட்டம் என்றே சொல்லியிருப்பான். தண்டனை நீண்டால் தாய்லாந்து தள்ளிப்போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பிடிபட வேண்டும் என்றே ஓடினான் என்பது வரை நான் போகமாட்டேன்.

கோவாவில் பிடித்தவர் யார்?

பம்பாய்ப் போலீஸ் ஆய்வாளர் மதுகர் ஜெண்டே. 1971-இலேயே பம்பாயில் அவனை ஒருமுறை பிடித்தவர், முகம் மனப்பாடம். கோவாவில் இருக்கிறான் என்ற தகவலோடு போய், வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியவன் எங்கே வருவான் என்று யோசித்தார். அந்த வசதி இருந்த இடங்களில் போர்வோரிமில் உள்ள 'ஓ கொக்கேய்ரோ' உணவகமும் ஒன்று. அங்கே காத்திருந்தார். தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவனைப் பின்னாலிருந்து போய்க் கட்டிப்பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கைவிலங்கு கொண்டுவரவில்லை. உணவகத்திலேயே கயிறு வாங்கிக் கட்டினார்கள்.

அன்று 1986 ஏப்ரல் 6. திகாரில் பொய்யாகச் சொன்ன பிறந்தநாளுக்கு மூன்று வாரம் கழித்து, அவனுடைய நிஜமான பிறந்தநாள்.

1997-இல் ஏன் விட்டார்கள்?

இந்தியத் தண்டனை முடிந்தது. தாய்லாந்து வழக்கு காலாவதி ஆகியிருந்தது. வேறு நாடு எதுவும் கேட்டு வாசலில் நிற்கவில்லை. 1997 பிப்ரவரியில் வெளியே வந்து பிரான்ஸ் போனான். பாரிஸில் பேட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு வாழ்ந்தான். நோல்டன், ஹக்கீம், காரூ, பின்டான்யா, ஹெம்கர் ஆகிய ஐவரின் பெயரில் தாய்லாந்தில் இனி ஒரு நீதிமன்றமும் கூடப்போவதில்லை.

பிறகு நேபாளத்துக்கு ஏன் போனான்? அங்கே மட்டும்தானே ஆபத்து?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கைவினைப்பொருள் வியாபாரம், ஆவணப்படம் என்று அவனே பல காரணங்கள் சொல்லியிருக்கிறான். ஆளுக்கு ஒன்று சொல்பவனிடம் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இருபது ஆண்டு உள்ளே இருந்தும் கொலைக்காகத் தண்டிக்கப்படாதவன் அவன். நேபாளத்தில் ஆதாரம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது என்று நினைத்திருக்கலாம். சூதாட்டப் பித்தும் உண்டு. ஒளிந்துகூட இருக்கவில்லை. 2003 செப்டம்பரில் காத்மாண்டுவில் ஒரு பத்திரிகையாளர் அடையாளம் கண்டு, பின்தொடர்ந்து, படத்தோடு செய்தி போட்டார். செய்தி வந்தபிறகும் ஓடவில்லை! செப்டம்பர் 19 அன்று யாக் அண்ட் யெட்டி ஓட்டலின் சூதாட்டக் கூடத்தில் வைத்துப் போலீஸ் பிடித்தது.

28 ஆண்டுகளுக்குப் பிறகு சாட்சி எங்கிருந்து வந்தது?

காகிதத்திலிருந்து. 'நான் இதற்கு முன் நேபாளம் வந்ததே இல்லை' என்பது அவன் வாதம். 1975 டிசம்பரில் பின்டான்யா என்ற பெயரில் நேபாளத்துக்குள் வந்தவர் நிரப்பிய பதிவுகள் இருந்தன. பின்டான்யாவோ அதற்குள் பாங்காக் பிணவறையில். அப்படியானால் அந்தக் கையெழுத்து யாருடையது? கையெழுத்தை ஒப்பிட்டார்கள்.

க்னிப்பன்பெர்க் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்தார் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் பெட்டிகளைப் பணி மாற்றலில் ஒவ்வொரு நாடாகக் கொண்டுபோயிருக்கிறார். 2003-இல் ஓய்வு பெற்று நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்தபோதும் அவை அவரிடமே இருந்தன. காத்மாண்டு வழக்கில் வைக்கப்பட்ட நகல்களில் பெரும்பகுதி அவரும் இன்டர்போலும் சேர்த்தவை. 2004 ஆகஸ்டில் பிரான்சிச் கொலைக்காக ஆயுள் தண்டனை. நேபாளத்தில் அது இருபது ஆண்டு. 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014-இல் பக்தபூர் நீதிமன்றம் காரியேர் கொலையிலும் குற்றவாளி என்றது.

மூல ஆவணம் இல்லாமல் நகலை வைத்துத் தண்டிப்பது நியாயமா?

ஒரு வழக்கறிஞர் நண்பர் கேட்டது. அவனுடைய வழக்கறிஞர்களும் இதையே வாதாடினார்கள். அந்த வாதத்தில் வலு இல்லை என்று சொல்லமாட்டேன். என் வங்கியில் நகலை வைத்து ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டோம். ஆனால் பல நாடுகளில் பலர் கையில் சிதறிக் கிடந்த காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தியதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தது.

ஆயுள் தண்டனை என்றால் 2022-இல் ஏன் விடுதலை?

மூப்படைந்த கைதிகள் தண்டனையில் நான்கில் மூன்று பங்கை முடித்திருந்தால் விடுவிக்க நேபாளச் சட்டத்தில் இடம் உண்டு. அவனுக்கு 78 வயது. இதய அறுவை சிகிச்சை ஆனவன். இருபதில் பத்தொன்பது ஆண்டு கழித்தாயிற்று. டிசம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 23-ஆம் தேதி விமானம் ஏற்றினார்கள். பத்து ஆண்டுகளுக்கு நேபாளத்துக்குள் வரத் தடை.

கோவா போகிறோம். அந்த உணவகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறதாமே, பார்க்கலாமா?

என் தங்கை மகன் கேட்டான். சோப்ராஜ் உட்கார்ந்திருந்த மேசையில் சிலை வைத்தது உண்மைதான். கூட உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். போர்வோரிம், பனாஜியிலிருந்து மாபுசா போகும் வழியில் இருக்கிறது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஜெண்டே கயிறு கேட்ட இடம் எது என்று அங்கே யாருக்காவது தெரிந்தால் கேட்டுவந்து சொல்லுங்கள். சிலையோடு எடுத்த படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.